தொட்டிக்குக் கீழே ஒரு புட்டி

அந்த வீட்டில் டோர்ட்டியா என்கிற மெக்ஸிகோ நாட்டுச் சோள ரொட்டியைச் சுடுவது கணவன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால் அவனுடைய அலுவலகம், மாடிப்படியில் எதிர்ப்படும் குடித்தனங்கள், இரண்டு பக்கத்துச் சொந்தங்கள். சொன்னதோடு விடாமல் அவளிடமும் வந்து, "கொடுத்து வெச்சவ நீ" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள். சட்டென்று பேச்சு வராத ஆள் அவள். வார்த்தை பல்லைத் தாண்டி வருவதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

அவளுக்குத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கெங்கிருந்தோ பாட்டிலில் பிடித்து அனுப்பும் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் டக்கென்று நிறுத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அங்கே அவள் பெயரே சொட்டு. பேச்சும் அதே கணக்கில் வந்ததால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

டோர்ட்டியாவும் அங்கிருந்துதான் வந்தது. பக்கத்து மேசை சீனியர் அக்கா ஒரு நாள் கடை பாக்கெட் ஒன்றைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். அட்டையை நனைத்துத் தின்கிற மாதிரி இருந்தது. சொட்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். மக்காச்சோளத்துக்கு அடுத்து சுண்ணாம்பு என்று போட்டிருந்தது. சாப்பாட்டில் சுண்ணாம்புக்கு என்ன வேலை? அந்தக் கேள்வி அவளை விடவில்லை. தேடிப் படித்தாள். காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் அதிலேயே ஊறவிட வேண்டும். அப்போதுதான் தோல் கழலும், அரைத்தால் மாவு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு படாத சோளத்தை எவ்வளவு அரைத்தாலும் அது ஈர மணல்தான்.

படித்ததை வீட்டில் செய்து பார்த்தாள். முதல் தடவை சுண்ணாம்பு கூடிப்போய் சோப்பு வாடை அடித்தது. அடுத்த தடவை பயந்து குறைத்ததில் விண்டு விண்டு விழுந்தது. இன்னொரு தடவை கிரைண்டரில் தண்ணீர் அதிகமாகி கூழாகிவிட்டது. அந்த நாட்களில் கணவன் ஹாலில் இருந்தபடியே குரல் கொடுப்பான்.

"இன்னைக்கும் ஆராய்ச்சியா? மனுஷனுக்குச் சாப்பாடு உண்டா இல்லையா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லில் போட்டது இரண்டாவது தடவை திருப்பியதும், அடியில் உட்கார்ந்து யாரோ ஊதிவிட்டது போல உப்பி எழுந்தது. அவள் அடுக்களையில் தனியாக நின்று சிரித்தாள்.

அதற்கடுத்த வாரம் கணவனின் அலுவலக நண்பர்கள் வந்தார்கள். அவள் மாவு உருட்டி, உருண்டையை வட்டமாக அழுத்தும் இரும்புப் பிரஸ்ஸில் பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து மூடினாள். கணவன் உள்ளே வந்தான். "தள்ளு, நான் அழுத்தறேன்" என்று கைப்பிடியைப் பிடித்தான். நண்பர் ஒருவர் படம் எடுத்தார். படத்தில் கணவன் இருந்தான், கைப்பிடி இருந்தது, கல்லில் உப்பிய டோர்ட்டியா இருந்தது. ஓரத்தில் அவள் முழங்கை இருந்தது. அந்தப் படம் போகாத இடம் இல்லை. அன்றிலிருந்து டோர்ட்டியா அவனுடையதாகிவிட்டது.

சனிக்கிழமை மாலை சோளத்தில் கல் பொறுக்குவது அவள். வேகவைப்பது அவள். காலையில் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்க, தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது அவள். அரைத்து, உருட்டி, கல்லைக் காயவைத்து முடித்த பிறகு, குளித்துவிட்டு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கணவன் வருவான். அழுத்துவான். புரட்டுவான். கைதட்டு வாங்குவான். சுடச்சுட வந்தவை எல்லாம் ஹாலுக்குப் போய்விடும். அவள் அடுப்பைத் துடைத்து, பிரஸ்ஸைத் துடைத்து, கிரைண்டரைக் கழுவிவிட்டு உட்காரும்போது துணிக்கடியில் ஆறிப்போன ஒன்றோ இரண்டோ கிடக்கும். தானே கண்டுபிடித்த பண்டத்தைச் சூடாக அவள் தின்றதே இல்லை.

கோபம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் வந்த கோபம் வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டது.

கீழ்த்தளத்தில் வார்டன் அம்மா இருந்தார். கல்லூரி விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தெருக்கோடியில் உள்ள பொதுக்கூடத்தில் சனிக்கிழமை வகுப்புகள் நடத்துகிறார். தையல் நடக்கிறது, ஓவியம் நடக்கிறது. சமையல் வகுப்பு ஒன்று தொடங்கப் போவதாகவும், எல்லோரும் செய்கிற சமையல் வேண்டாம், புதிதாக ஏதாவது சொல்லித்தர ஆள் வேண்டும் என்றும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தார்.

அதைப் படித்த நாளிலிருந்து சொட்டுக்கு வேறு நினைப்பில்லை. சுண்ணாம்பு என்ன செய்கிறது, மாவு ஏன் பிடிக்கிறது, டோர்ட்டியா ஏன் உப்புகிறது என்று பத்துப் பேருக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். 'இது எனக்குத் தெரியும்' என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வார்டன் அம்மாவிடம் என்ன கேட்பது என்று வாக்கியத்தைக் கட்டினாள். கலைத்தாள். மறுபடி கட்டினாள்.

ஒரு மாலை மாடிப்படியில் வார்டன் அம்மா எதிரே வந்தார்.

"என்னம்மா, போர்டைப் பார்த்தியா? ஒரு ஆளும் வரமாட்டேங்குது."

"பார்த்தேன்மா. அது வந்து, நான்…"

பின்னால் காய்கறிப் பையோடு ஏறி வந்த கணவன், "அட, அதுக்கு ஏன்மா கவலைப்படறீங்க? நான் இருக்கேன்ல! டோர்ட்டியா கிளாஸ் நானே எடுக்கறேன்" என்றான்.

வார்டன் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆம்பளை வந்து சமையல் சொல்லித் தர்றேங்கறீங்க, ரொம்ப நல்லா இருக்குமே தம்பி! ஆனா நான் வாயில வெச்சுப் பார்க்காம யாரையும் சேர்க்கமாட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். செஞ்சு காட்டுங்க."

அவள் கட்டி வைத்திருந்த வாக்கியம் படியிலேயே கிடந்தது. அதைத் தாண்டி அவரவர் வழியில் எல்லோரும் போனார்கள்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் சீனியர் அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். சொட்டு மனதில் உள்ளதைச் சொல்வது அவளிடம் மட்டும்தான்.

"அப்ப நீ வாயைத் திறக்கவே இல்லியா?"

"திறந்தேன்க்கா."

"திறந்து?"

"மூடிட்டேன்."

"உன் வாயிலயும் திருகு வெச்சுத் தெச்சுட்டாங்களாடி? நல்லாத் திறந்து விடு, ஒரு தடவை கொட்டட்டும்."

"கொட்டினா அளவு தெரியாதுக்கா."

"அளவு பார்த்து பார்த்துத்தான் அந்தாளு உன் தலையில உட்கார்ந்திருக்கார்" என்றாள் அக்கா, குடுவையைக் குலுக்கிக்கொண்டே.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது மாமியார் வந்திறங்கியிருந்தார். மகனுடைய பெரிய நாளுக்காக வந்தவர். அம்மாவும் மகனுமாக அடுக்களையைத் தலைகீழாக்கியிருந்தார்கள். டப்பாக்கள் உயரவாரியாக நின்றன. ஜன்னல் கம்பி பளபளத்தது. அவள் தினமும் கைநீட்டி எடுக்கும் எதுவும் எடுக்கும் இடத்தில் இல்லை.

"பாரு, எப்படி வெச்சுருக்கான் என் புள்ள! நீயும்தான் இத்தனை வருஷம் புழங்கற" என்றார் மாமியார்.

அவள் மேல்தட்டைப் பார்த்தாள். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் புட்டியைக் காணவில்லை. சமையலுக்கென்றே விற்கும் சுண்ணாம்பைக் கடையில் வாங்கி அதில் கொட்டி வைத்திருந்தாள். மேலே ஒரு காகிதத்தை ஒட்டி, பரிசோதனைக் கூடத்துப் பழக்கத்தில், பெயருக்குப் பதிலாக வேதிக்குறியீட்டை எழுதியிருந்தாள். அவளைத் தவிர அந்தத் தட்டுக்குக் கை நீட்டுகிறவர் யாருமில்லை என்பதால் அது போதும் என்று நினைத்தாள்.

"இங்க ஒரு புட்டி…"

"அதானே! நானே கேட்கணும்னு இருந்தேன்" என்று கணவன் திரும்பினான். "லேப்ல இருந்து கெமிக்கலைத் தூக்கிட்டு வந்து அரிசி பக்கத்துல வெச்சுருக்கியே, அறிவு இருக்கா? நாளைக்கு வார்டன் அம்மா கண்ணுல பட்டா என்ன நினைப்பாங்க? தொட்டிக்குக் கீழ வெச்சிருக்கேன், குழாய் கழுவற மருந்துங்களோட."

"அது கழுவற மருந்து இல்லைங்க. அதைத்தான் சோளத்துல…"

"எனக்குத் தெரியும். இந்தத் தடவை சோளத்தையும் நானே வேகவெச்சு ஊறப்போடப் போறேன். கிளாஸ்ல ஆரம்பத்துல இருந்து காட்டணும்ல?"

"சரிங்க, ஆனா வேகும்போது அந்தப் புட்டியில இருந்து…"

"எனக்குத் தெரியும்னு சொல்றேன்ல! ஊறப்போடறதுக்கு ஒரு படிப்பா? தண்ணி, உப்பு, சோளம். நீ பண்ற அலம்பல்லதான் அது பெரிய விஷயமாத் தெரியுது."

மாமியார் நமுட்டுச் சிரிப்பு சிரித்தார். "விடுடா. அவ வேலையை நீ எடுத்துக்கிட்டா அவளுக்குப் பொறுக்குமா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் காது சுட்டது. பெயரைத் தெளிவாக எழுதி ஒட்டியிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தன்னையே நொந்துகொண்டாள். அடுத்த நிமிஷம், தப்பைத் தன் மேலேயே இழுத்துப் போட்டுக்கொள்ளும் அந்தப் புத்தி மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வருஷமாக இந்த வீட்டில் ஞாயிறுதோறும் இதைத் தின்கிறான். சோளத்தில் என்ன போடுகிறாய் என்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். ஒட்டின காகிதத்துக்கு வேலையே வந்திருக்காது.

கணவன் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, உப்புப் போட்டு, சோளத்தைக் கொட்டி வேகவைத்தான். மாமியார் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "வேர்க்குதா கண்ணா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் அடுப்பை அணைத்து மூடி போட்டான். பிறகு இருவரும் கிளம்பினார்கள். நாளைக்குக் கட்டிக்கொள்ள நல்லதாக ஒரு ஏப்ரன் வேண்டுமாம்.

கதவு சாத்திய சத்தம் அடங்கியதும் அவள் பாத்திரத்தைத் திறந்தாள். தண்ணீர் வெளிறிப்போய் இருந்தது. சுண்ணாம்பு சேர்ந்திருந்தால் இந்நேரம் சோளம் பளிச்சென்று மஞ்சளேறி, மழையில் நனைந்த சுவர் மாதிரி வாசனை வந்திருக்கும். அவள் குனிந்து தொட்டிக்குக் கீழே கை விட்டாள். அடைப்பு எடுக்கும் திராவகத்துக்கும் பழைய பிரஷ்ஷுக்கும் நடுவில் அவள் புட்டி நின்றது. வெளியே எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தாள்.

கரண்டியில் எடுத்தாள். பெரிய பாத்திரத்தின் மேலே கை நின்றது. போட்டு, இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டால் போதும். நாளைக்கு மாவு வழக்கம்போல வரும். கணவன் அழுத்துவான். டோர்ட்டியா உப்பும். வார்டன் அம்மா கைதட்டுவார். வகுப்பு அவனுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் அதற்கு மாவு தயார் பண்ணுவாள்.

போடாவிட்டால்? உதிர்ந்துபோகும். வார்டன் அம்மா வேறு யாரையாவது பார்த்துக்கொள்வார். அவனுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை.

கரண்டியைப் புட்டிக்குள்ளேயே திருப்பித் தட்டினாள். பெரிய பாத்திரத்தை மூடினாள். சின்னப் பாத்திரம் ஒன்றை எடுத்துத் தன் கையால் சோளம் அள்ளி, தண்ணீர் ஊற்றி, சுண்ணாம்பு கரைத்து வேகவைத்தாள். அதைக் கொண்டுபோய் பால்கனியில் துவைக்கும் இயந்திரத்தின் மேல், வாளியைக் கவிழ்த்து மூடி வைத்தாள். அது யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசி நேரத்தில் கணவனுடைய மானத்தைக் காப்பாற்றவா, தனக்கா? கை செய்துவிட்டது, மனம் பிறகு சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் தோலைத் தேய்த்துக் கழுவி, கிரைண்டரில் போட்டாள்.

"காலங்காத்தால என்ன சத்தம்?" என்று உள்ளறையிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"கிரைண்டரைக் கழுவறேன் அத்தை."

அது பொய்யும் இல்லை. அரைத்து எடுத்ததும் கழுவித்தான் வைத்தாள். மாவை ஈரத்துணியில் சுற்றி, வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். பிறகு எழுந்து வந்த கணவன், தான் ஊறப்போட்ட சோளத்தை அதே கிரைண்டரில் அரைத்தான்.

வார்டன் அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். விடுதியில் சமையலறையைச் சோதித்த பழக்கம் போலிருக்கிறது, ஹாலில் உட்காராமல் நேராக அடுக்களைக்கு வந்து நாற்காலி போடச் சொன்னார். அவள் பயறு அவித்து வைத்திருந்தாள். தக்காளியையும் மிளகாயையும் சுட்டு அரைத்திருந்தாள். கணவன் புது ஏப்ரனில் ஜம்மென்று நின்றான். மாமியார் கதவோரம் நின்று பெருமையில் நிறைந்தார்.

"முக்கியமா என்னன்னா, சோளத்தை நல்லா ஊறவிடணும்மா" என்று கணவன் ஆரம்பித்தான். "அவசரமே கூடாது. பொறுமை வேணும். பொம்பளைங்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம்."

வார்டன் அம்மா ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

அவன் உருட்டினான். உருண்டையில் விரிசல் விட்டது. இன்னும் அழுத்தி உருட்டினான். பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, திறந்து, பிளாஸ்டிக் தாளை உரித்தான். பாதி தாளோடு போயிற்று, பாதி தட்டில் இருந்தது. "முதல் ஒண்ணு இப்படித்தான் வரும்" என்று சிரித்தான். இரண்டாவது ஒன்றை அள்ளிக் கல்லில் போட்டான். அது வறண்ட ஏரி மாதிரி வெடித்தது. திருப்பப் போனால் நாலு துண்டாகப் பிரிந்தது. தண்ணீர் தெளித்தான். இப்போது கையெல்லாம் ஒட்டியது.

"மைதா கொஞ்சம் போட்டுப் பாருடா" என்றார் மாமியார்.

"அம்மா, சும்மா இரு."

போட்டுப் பார்த்தான். அதற்கும் மசியவில்லை. வார்டன் அம்மா கல்லிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். நெடுநேரம் மென்றார். தண்ணீர் கேட்டார்.

"தம்பி, இதைச் சொல்லித் தரணும்னா கூடத்துல துடைப்பமும் வாங்கி வெக்கணுமே."

கணவன் அசடு வழிந்தான். பிறகு சட்டென்று அவன் முகம் வேறானது. தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்துத் திரும்பினான்.

"நேத்து ஊறப்போட்டதுல எதோ சொதப்பல்மா. அதெல்லாம் இவ டிபார்ட்மெண்ட். சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன், எதுலயும் கவனமே கிடையாது. ஒரு சோளத்தை ஊற வெக்கத் தெரியல."

"நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று மாமியார் ஒத்து ஊதினார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேர்க்குதா கண்ணா என்று கேட்டவர்.

வார்டன் அம்மா அவளைப் பார்த்தார். "என்னம்மா, பார்த்துச் செஞ்சிருக்கக் கூடாதா?"

அவள் தட்டுகளை மேசையில் வைத்தாள். சத்தம் வராமல்தான் வைத்தாள், பழக்கம். உள்ளே குடித்தனம் வைத்திருந்தது அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்கு வந்தது. உப்பினால் அவனுடையது, உதிர்ந்தால் அவளுடையது. மாடிப்படி, புட்டி, முழங்கை, 'எனக்குத் தெரியும்.' சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தாள். யாருக்காக அந்த மாவு என்பது இப்போது தெரிந்துவிட்டது.

"தள்ளுங்க" என்றாள்.

"என்ன?"

"தள்ளுங்க. கல்லைத் துடைக்கணும்."

அவன் தள்ளினான். அவள் உதிரிகளை வழித்துக் கொட்டி, கல்லைத் துடைத்து, தீயைக் கூட்டினாள். டப்பாவிலிருந்து மாவு எடுத்து உருட்டினாள். களிமண்ணைப் போல வழவழவென்று உருண்டது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தினாள். தாள் முழுசாக உரிந்து வந்தது. கல்லில் விட்டாள். ஒரு தடவை திருப்பினாள். காத்திருந்தாள். மறுபடி திருப்பி, விரல் நுனியால் மெல்லத் தட்டினாள். ஓரத்தில் ஒரு குமிழ் கிளம்பியது. அது நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்து, மொத்தமும் உப்பி நின்றது.

"அடேயப்பா!" என்றார் வார்டன் அம்மா.

"பார்த்தீங்களாம்மா?" கணவனுக்கு உயிர் திரும்பிவிட்டது. "கல்லுல சூடு பத்தல, அவ்வளவுதான் விஷயம். நான் அப்பவே நினைச்சேன். இந்தா, தள்ளு, மிச்சத்தை நான் அழுத்தறேன்." அவன் கை கைப்பிடியின் மேல் விழுந்தது.

"கையை எடுங்க!"

கத்திப் பழக்கமில்லாததால் அவளுக்கு அளவு தெரியவில்லை. குரல் ஜன்னல் வழியாகப் போனதில் எதிர்வீட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஒரு சொட்டு கூடினாலும் நிறம் பழையபடி திரும்பாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கூடியது கூடிவிட்டது. நிறுத்தவில்லை.

"நேத்து ஊறப்போட்டது நீங்க. வேகவெச்சதும் நீங்க. வேர்க்குதான்னு அத்தை பக்கத்துல உட்கார்ந்து கேட்டாங்க. சுண்ணாம்பு போடாம வேகவெச்சா பிடிக்காது, அதைச் சொல்லத்தான் வந்தேன். நாலு தடவை வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்! என்ன தெரியும் உங்களுக்கு? கைப்பிடியைப் பிடிக்கத் தெரியும். இத்தனை நாளா கல் பொறுக்கி, தோல் தேய்ச்சு, அரைச்சு, உருட்டி வெச்சது யாரு? கடைசியில வந்து கைப்பிடியைப் பிடிச்சுட்டு, நல்லா வந்தா நான், நாசமாப் போனா இவளா?"

"ஏய், வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி…"

"அவங்க முன்னாடிதானே என்னைக் கவனமில்லாதவன்னு சொன்னீங்க? அவங்க முன்னாடிதான் சொல்லுவேன்."

"வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன்" என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். "எப்படிப் பேசறா பாரு!"

"இப்பத்தான் அத்தை பேசவே ஆரம்பிச்சிருக்கேன்."

கல்லில் புகை கிளம்பியது. அவள் தீயைக் குறைத்தாள். வார்டன் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சுண்ணாம்பா? எங்க இருக்கு, காட்டு."

அவள் குனிந்து தொட்டிக்குக் கீழிருந்து புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். நேற்றுத் துடைத்துவிட்டு, மறுபடி அவன் வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள். வார்டன் அம்மா திறந்து பார்த்தார். எவ்வளவு போடணும், கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும், எதனால் மாவு பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் அடுத்ததை அழுத்திக்கொண்டே பதில் சொன்னாள். பஸ்ஸில் கட்டிக் கட்டிக் கலைத்த வாக்கியங்கள் எல்லாம் தாமாக வந்தன.

"விருந்துக்கு வந்த இடத்துல இப்படிக் கத்தறது எனக்குப் பிடிக்கல" என்றார் வார்டன் அம்மா கடைசியில். "ஆனா ரொட்டி பிடிச்சிருக்கு. ஒண்ணு பண்ணுங்க. புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து எடுங்க. ஜோடியா நின்னா பார்க்கவும் அழகா இருக்கும்."

கணவன் உடனே தலையசைத்தான். "அதுதான் சரி. பேசறது நான் பார்த்துக்கறேன், செய்யறது அவ…"

"மாட்டேன்" என்றாள். இந்தத் தடவை கத்தவில்லை. அளவு பிடிபட்டுவிட்டது. "எடுத்தா நான் மட்டும் எடுக்கறேன். இல்லைன்னா வேண்டாம்மா. இந்த மாவு தீர்ற வரைக்கும் சுட்டுத் தரேன், சாப்பிட்டுட்டுப் போங்க."

வார்டன் அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பயறை அள்ளி வைத்து மடித்து ஒன்று சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"மெல்லமாப் பேசற ஆளுன்னு நினைச்சுத்தான் யோசிச்சேன். கடைசி வரிசைக்குக் கேட்குமா கேட்காதான்னு. அந்தக் கவலை இப்ப இல்ல. சனிக்கிழமை வந்துரு. அந்தப் புட்டியையும் எடுத்துக்கிட்டு வா. மேல பேரைப் புரியற மாதிரி எழுதி ஒட்டு, போற வர்றவங்க பயப்படப் போறாங்க."

கதவு சாத்தியது. மாமியார் உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். யாருடனோ போனில் பொருமுவது கேட்டது. கணவன் ஏப்ரனோடு அடுக்களை வாசலில் நின்றான்.

"அசிங்கப்படுத்திட்டல்ல? அது என்ன புட்டின்னு முன்னாடியே ஒழுங்காச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். கோபம் தீர்ந்துவிட்டது போல இருக்கும் என்று நினைத்திருந்தாள். தீரவில்லை. இன்னும் நிறைய இருந்தது. ஆனால் இப்போது அது அவள் கைக்குள் இருந்தது. துணிக்கடியில் இருந்தவற்றைத் தொடவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த மாவை உருட்டி, அழுத்தி, கல்லில் போட்டாள். உப்பியதும் நேராகத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிழித்ததும் ஆவி முகத்தில் அடித்தது. வாய் சுட்டது. சுடச்சுடத் தின்றாள்.

கணவன் கிரைண்டர் பக்கம் பார்த்தான். அதில் அவன் அரைத்த சோளம் பாதிக்கு மேல் கிடந்தது. காயத் தொடங்கியிருந்தது.

"இதை என்ன பண்றது?" என்றான்.

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கும்வரை அவனைக் காக்கவைத்தாள்.

"வழிச்சுக் கொட்டிட்டுக் கழுவுங்க. காஞ்சா ஒட்டிக்கும்." அடுத்த துண்டைக் கிழித்தாள். "அதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."